போர்க்காலத்தில் பேசும் உரிமை: படைவீரர் எதைச் சொல்லலாம், நாம் எதைக் கேட்கலாம்?

உம்கேனிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரி இறுதியில் கிழக்குக் காங்கோவில், கோமா, சாக்கே ஆகிய ஊர்களை ஒட்டி எம்23 கிளர்ச்சிப் படையினருடன் நடந்த மோதல்களில் நம் தென்னாப்பிரிக்க வீரர்கள் 14 பேர் உயிரிழந்தார்கள். என் தமக்கையின் மகன் தரைப்படையில் பணிபுரிகிறான். அவன் அங்கே அனுப்பப்படவில்லை என்றாலும், அவனுடன் பயிற்சி பெற்றவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "இவர்களை எந்த நோக்கத்துக்காக அனுப்பினார்கள், போதுமான ஆயுதமும் வான்வழித் துணையும் கொடுத்துத்தான் அனுப்பினார்களா?" என்று எழுதினேன். சற்று நேரத்தில் அவன் என்னைத் தனியாக அழைத்து, "சித்தி, அதை நீக்கிவிடுங்கள், சண்டை நடக்கும்போது இப்படியெல்லாம் எழுதக் கூடாது" என்றான்.

அவனுடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் "கூடாது" என்பதற்கு அடிப்படை என்ன என்பதுதான் அன்றுமுதல் என் மனத்தை அரிக்கிறது. சீருடை அணிந்த அவன் பேசக் கூடாதவை எவை? சீருடை அணியாத நான் பேசக் கூடாதவை எவை? இரண்டும் ஒன்றா? சட்டம் அறிந்தவர்களும் படையில் இருந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நிதானமாகப் பேசுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜோபர்க் வழக்குரைஞர் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியில் உங்களைப் பற்றிய பகுதிக்கு விடை எளிது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நம் அரசமைப்பின் 16ஆம் பிரிவு கருத்துரிமையை எல்லோருக்கும் தருகிறது. போருக்கான பரப்புரை, உடனடி வன்முறையைத் தூண்டுதல், இனம், பால், சமயம் முதலியவற்றின் அடிப்படையில் தீங்கு விளைவிக்கத் தூண்டும் வெறுப்புப் பேச்சு ஆகிய மூன்றும் அந்த உரிமைக்கு வெளியே நிற்கின்றன. அரசின் படைநடவடிக்கையைக் கேள்வி கேட்பது அந்த மூன்றில் எதிலும் அடங்காது.

அப்படியானால் "போர்க்காலம்" என்றவுடன் இந்த உரிமை சுருங்கிவிடுமா? சுருங்கலாம், ஆனால் தானாகச் சுருங்காது. 37ஆம் பிரிவின்படி, போர், படையெடுப்பு, பெருங்கலகம், இயற்கைப் பேரிடர் போன்றவற்றால் நாட்டின் உயிர்வாழ்வுக்கே அச்சுறுத்தல் நேர்ந்தால் மட்டுமே, நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக நெருக்கடி நிலையை அறிவிக்க முடியும். அது 21 நாட்களுக்குமேல் நீடிக்க வேண்டுமானால் தேசிய அவை வாக்களித்து நீட்டிக்க வேண்டும், ஒவ்வொரு நீட்டிப்பும் மூன்று மாதங்களுக்கு மேற்படக் கூடாது, இரண்டாவது நீட்டிப்பிலிருந்து உறுப்பினர்களில் 60 விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும். அந்த அறிவிப்புச் செல்லுமா என்பதையே நீதிமன்றம் ஆராயலாம். நெருக்கடி நிலையிலும் தொடக் கூடாத உரிமைகளின் பட்டியல் ஒன்று அதே பிரிவில் உண்டு. அதில் கருத்துரிமை இல்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. அதாவது முறைப்படி அறிவிக்கப்பட்ட நெருக்கடியில் அதைக் குறைக்க வழி இருக்கிறது.

ஆனால் காங்கோவுக்குப் படை அனுப்பியபோது அப்படி எதுவும் அறிவிக்கப்படவில்லை. 203ஆம் பிரிவின்கீழ் "தேசியப் பாதுகாப்பு நிலை" ஒன்றைக் குடியரசுத் தலைவர் அறிவிக்கலாம், நாடாளுமன்றம் ஏழு நாட்களுக்குள் ஒப்புதல் தராவிட்டால் அது காலாவதியாகும். அதுவும் நடக்கவில்லை. நடந்தது 201ஆம் பிரிவின்கீழ், ஒரு பன்னாட்டுக் கடமையை நிறைவேற்றுவதற்காகப் படையை அனுப்பியது மட்டுமே. ஆகவே உங்கள் கேள்வி, வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு உள்ள அதே பாதுகாப்பை முழுமையாகப் பெற்றிருந்தது. நீக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

உங்கள் தமக்கை மகனைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அது இவ்வளவு எளிதன்று.

பழைய மாலுமி எழுதியது:

வழக்குரைஞர் தம்பி சொன்ன சட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே ஒன்றைச் சொல்லலாம் என்று முடிவு செய்வது படையில் இருந்தவனுக்கு ஒவ்வாது.

நான் 1970களில், டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தொடங்கப்பட்ட கடற்படைப் பயிற்சித் தளத்தில் சேர்ந்தவன். அதற்காக நம் ஆட்களிடமே நான் வாங்கிய பேச்சு கொஞ்சமன்று, அந்தக் கதை இங்கே வேண்டாம். முதல் வாரத்திலேயே எங்களுக்குக் கற்றுத்தந்தது வாயைக் கட்டுவதைத்தான். கப்பல் என்று புறப்படுகிறது, எந்தப் பக்கம் போகிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது வீட்டாருக்கும் தெரியக் கூடாது. "நாளை சோற்றுக்கு எனக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்று அம்மாவிடம் சொல்வேன், அவரும் அதற்குமேல் கேட்க மாட்டார். அது அடக்குமுறை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. என் பக்கத்தில் படுத்திருப்பவனின் உயிர் என் நாக்கில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

இன்று நிலைமை இன்னும் கடுமையானது. 2018 ஜனவரியில், ஓட்டப்பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், பாலைவனத்தில் இருந்த படைத்தளங்களின் வடிவமே தெரிந்துபோனது. ஓடியவர்கள் யாரும் எதையும் "பேசவில்லை", கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு ஓடினார்கள், அவ்வளவுதான். 2023 புத்தாண்டு இரவில் மகீவ்காவில் தங்கியிருந்த ரஷ்ய வீரர்கள்மீது ஏவுகணை விழுந்தபோது, வீரர்கள் கைப்பேசியைப் பயன்படுத்தியதே காரணம் என்று அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகமே சொன்னது. ஆகவே வீட்டிலிருப்பவர்களும் கொஞ்சம் அடங்கியிருப்பது நல்லது என்பதே என் எண்ணம். அம்மா எழுதிய கேள்விக்கு, உணர்ச்சிவசப்பட்ட ஒரு வீரன் அதே குழுவில் விடை எழுதிவிட்டால் என்ன ஆகும்?

மெரேபேங்க் ஆசிரியர் எழுதியது:

மாலுமி ஐயா, கப்பல் புறப்படும் நேரத்தை மறைப்பதில் நமக்குள் வேறுபாடே இல்லை. நான் அஞ்சுவது வேறொன்றை. அந்த ஒரு நியாயத்தைக் காட்டி, அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாதவற்றையெல்லாம் மூடிமறைத்த வரலாறு இந்த மண்ணில் நிறைய இருக்கிறது, அதில் நம்மவர்களும் அடிபட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்திலேயே, 1940இல், போர் நடவடிக்கைச் சட்டம் ஒன்று வந்தது. அதன் விதிகளின்கீழ், இந்நாட்டு இந்தியர்களின் தலைவர்களில் ஒருவரும் கம்யூனிஸ்டுமான டாக்டர் யூசுப் தாதூ கைது செய்யப்பட்டார். நிறத்தைக் காட்டி உரிமை மறுக்கும் ஓர் அரசின் போரை ஆதரிக்க வேண்டாம் என்று துண்டறிக்கை கொடுத்ததும் மேடையில் பேசியதுமே குற்றம். 1941இல் மீண்டும் கைதாகிச் சிறை சென்றார். எந்தப் படையின் இருப்பிடத்தையும் அவர் வெளியிடவில்லை, எந்தக் கப்பலையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டுக்குள் நுழைந்த பிறகு, போரை ஆதரிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு அவரே வந்தார். யாரும் அவர் வாயை அடைத்து அங்கே கொண்டுசெல்லவில்லை.

அதே போரில், எதிர்த்திசையில், நாஜிச் சார்புள்ள ஓர் இயக்கத்தில் இருந்ததற்காக 1942இல் ஜான் வார்ஸ்டர் விசாரணையின்றிக் கோஃபிஃபோன்டெய்ன் முகாமில் அடைக்கப்பட்டார். விசாரணையற்ற காவல் எப்படி இருக்கும் என்பதை உடம்பால் உணர்ந்த அந்த மனிதர்தாம், நீதி அமைச்சராக இருந்தபோது, 1963இல் 90 நாட்கள் விசாரணையின்றி அடைத்துவைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். போருக்கென்று செய்யப்படும் கருவி போர் முடிந்தவுடன் அருங்காட்சியகத்துக்குப் போவதில்லை என்பதை என் மாணவர்களுக்கு இந்த ஒரு வாழ்க்கையை வைத்தே விளக்கிவந்தேன்.

பிறகு 1975. அக்டோபரில் நம் நாட்டுப் படை அங்கோலாவுக்குள் நுழைந்தது. 1957ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம், அமைச்சரின் அனுமதியின்றிப் படை நகர்வுகளைப் பற்றி எழுதக் கூடாது என்று சொன்னது. வெளிநாட்டு ஏடுகள் எழுதின, அங்கோலா அரசுக்குத் தெரியும், அதன் நண்பர்களுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தவர்கள், பிள்ளைகளை அனுப்பியிருந்த இந்நாட்டுப் பெற்றோர்தாம். எதிரிக்குத் தெரிந்ததைச் சொந்த மக்களிடமிருந்து மறைத்தது எந்த உயிரைக் காப்பதற்காக? அதற்கு முந்தைய ஆண்டு, 1974இல், கட்டாயப் படைப்பணியை மறுக்குமாறு ஒருவரை ஊக்குவித்தாலே ஆறு ஆண்டுவரை சிறை என்று அதே சட்டத்தில் சேர்த்திருந்தார்கள். கட்டாயப் பணி வெள்ளையருக்கு மட்டும் என்பதால் நம் வீடுகளில் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் 1983 அரசமைப்பும், வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனி அவை கொண்ட மூன்று அவை நாடாளுமன்றமும் வந்தபோது, அடுத்து நம் பிள்ளைகளையும் இழுப்பார்கள் என்ற அச்சம் டர்பனில் பரவலாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பலருக்கு அந்தச் சட்டப்பிரிவின் கூர்மை தெரிந்தது.

டோங்காட் மாணவன் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் பல்கலைக்கழகத்தில் படித்த ஷெங்க் வழக்கை நினைவுபடுத்த விரும்புகிறேன். 1919இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரங்கில் பொய்யாகத் தீ என்று கத்துபவரைக் கருத்துரிமை காக்காது என்று சொன்னது. போர்க்காலத்தில் அமைதிக்காலப் பேச்சுகள் பலவற்றைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. அது நியாயமான அளவுகோல் இல்லையா?

ஜோபர்க் வழக்குரைஞர் எழுதியது:

தம்பி, அந்த வாக்கியம் உலகம் முழுவதும் சுற்றுகிறது. ஆனால் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர் எந்த அரங்கிலும் கத்தவில்லை. கட்டாயப் படைச்சேர்ப்பு அரசமைப்புக்கு முரணானது, அதைத் திரும்பப் பெறுமாறு மனுக் கொடுங்கள் என்று துண்டறிக்கை அச்சிட்டு, படைக்கு அழைக்கப்பட்டவர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். அடுத்த வாரமே, ஓஹையோவில் ஒரு பூங்காவில் போரை எதிர்த்துப் பேசியதற்காக சோஷலிசத் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு விதித்த பத்தாண்டுத் தண்டனையை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. 1920இல் சிறையிலிருந்தபடியே குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று அவர் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். சில மாதங்களில், அதே 1919 நவம்பரில், ஆப்ரம்ஸ் வழக்கில் பெரும்பான்மையிலிருந்து விலகி, கருத்துரிமைக்காக எழுதியவரும் அவரே. 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில் அந்நாட்டு நீதிமன்றம் வேறு அளவுகோலுக்கு வந்துவிட்டது: உடனடியாகச் சட்டமீறல் நிகழவேண்டும் என்ற நோக்கமும், நிகழக்கூடிய வாய்ப்பும் இருந்தாலன்றிப் பேச்சைத் தண்டிக்க முடியாது. நம் 16ஆம் பிரிவின் "உடனடி வன்முறை" என்ற வரையறை அதற்கு நெருக்கமானது.

நம் நாட்டு வழக்கு ஒன்றைச் சொல்கிறேன், ஆசிரியர் ஐயா தொட்ட இடத்திலிருந்து அது தொடர்கிறது. கட்டாயப் படைப்பணியை முடிவுக்குக் கொண்டுவரக் கோரி 1983இல் தொடங்கிய இயக்கத்தைப் பற்றி, பாதுகாப்புப் படையே மறைமுகமாக அவதூறு பரப்பியது. கேப்டவுனில் அவர்கள் நடத்திய விழாவின்மீது ஹெலிகாப்டரிலிருந்து துண்டறிக்கைகள் வீசப்பட்டன. இயக்கம் நீதிமன்றம் சென்றது. படைத்தரப்பின் வாதம் என்ன தெரியுமா? நாடு போரில் இருக்கிறது, ஆகவே படையின் செயலை ஆராய நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. கேப் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எல்லைக்கு அப்பால் சண்டை நடக்கலாம், அதற்காகக் கேப்டவுனில் சட்டத்தின் ஆட்சி நின்றுவிடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அரசு அந்த இயக்கத்தை 1988 ஆகஸ்டில் தடைசெய்துவிட்டது என்பது வேறு. ஆனால் போர் என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டால் அத்துடன் எல்லோரும் வாய்மூட வேண்டும் என்ற கோட்பாட்டை, இனவொதுக்கலின் உச்சத்திலேயே, இந்நாட்டு நீதிபதி ஒருவர் மறுத்திருக்கிறார். டர்பனிலும் அப்படி ஒன்று உண்டு. 1986 ஜூன் 12 அன்று நாடு முழுவதும் நெருக்கடி நிலை வந்த அடுத்த மாதமே, எது நாசகரப் பேச்சு என்று விதிகள் தந்த வரையறையின் சில பகுதிகளை, அவை எதைத் தடுக்கின்றன என்பதே விளங்கவில்லை என்றும் அதிகார வரம்பை மீறியவை என்றும் சொல்லி நீதிபதி ஜான் டிட்காட்டின் அமர்வு நீக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் பிற்பாடு அரசின் பக்கம் சாய்ந்ததால் அந்தக் கதவு நெடுநாள் திறந்திருக்கவில்லை.

மெரேபேங்க் ஆசிரியர் எழுதியது:

அந்த 1986 ஜூனில் வந்த வீக்லி மெயில் இதழ் என் கண்முன் நிற்கிறது. தணிக்கைக்கு உட்பட்ட வரிகளின்மேல் கறுப்புப் பட்டை போட்டே அச்சிட்டிருந்தார்கள். படிக்க முடியாத வரிகளை விரலால் தடவிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். டிசம்பரில் வந்த புதிய விதிகள், வெற்றிடம் விட்டோ வரிகளை மறைத்தோ தணிக்கையைக் காட்டுவதையும் தடைசெய்தன. பேசாதே என்பதோடு நிற்கவில்லை, பேசவிடவில்லை என்பதையும் சொல்லாதே என்றார்கள்.

பழைய மாலுமி எழுதியது:

ஆசிரியர் ஐயா சொல்வதெல்லாம் மறுக்க முடியாத வரலாறு. ஆனால் அது மக்களின் ஆதரவில்லாத ஓர் அரசின் வரலாறு. இன்று நாம் வாக்களித்து அமைத்த அரசு இருக்கிறது, அதன் படையில் நம் பிள்ளைகள் விருப்பத்துடன் சேர்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

பொய்ச் செய்திகளின் ஆபத்தையும் யாரும் பேசவில்லை. வீரன் ஒருவன் இறந்தான் என்று உறுதிப்படாத செய்தி முகநூலில் வந்தால், படை அதிகாரியும் சமயகுருவும் அந்த வீட்டுக் கதவைத் தட்டும் முன்பே தாய் அதைப் படிக்கிறாள். உயிரோடிருப்பவனை இறந்தான் என்று எழுதுவதும் நடக்கும். இதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டாமா?

டேபிள் மலையடி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பல ஆண்டுகளாகக் கேப்டவுனில் வாழ்பவள். மாலுமி அண்ணாவின் கேள்விக்கு என் ஊரின் அனுபவத்திலிருந்து விடை சொல்ல முயல்கிறேன்.

இலங்கை அரசும் வாக்குப்பெட்டியில் பிறந்த அரசுதான். 1998 ஜூனில் அது படைச்செய்திகளுக்குத் தணிக்கை கொண்டுவந்தது. கொழும்பிலிருந்தவர்கள், வடக்கில் என்ன நடக்கிறது என்பதை அரசு சொன்ன அளவுக்கே அறிந்தார்கள். வாக்களித்தவர்களுக்கே, தங்கள் வாக்கு என்ன செய்கிறது என்பது தெரியவில்லை. 2009 ஜனவரி 8 அன்று பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க கொழும்பில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், போர் முடிந்து மூன்று மாதங்களுக்குப் பிறகு, பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 20 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவர் படை ரகசியம் எதையும் விற்கவில்லை. கிழக்கில் பொதுமக்கள் பட்ட துன்பத்தைப் பற்றி ஒரு சிற்றிதழில் எழுதியிருந்தார். மறுஆண்டு மன்னிப்பு அளித்தார்கள். ஆனால் எழுத நினைத்திருந்த மற்றவர்களுக்கு அந்த இருபதாண்டு போதுமான பாடமாக இருந்தது.

அரசை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் நேர்மையற்றவள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் ராஜினி திரணகம, ஆயுதம் ஏந்திய எல்லாத் தரப்புகளின் மீறல்களையும் பதிவுசெய்தவர். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். போராட்டம் நடக்கும்போது குறை சொல்லாதே என்பது எங்கள் பக்கத்திலும் எழுதாத சட்டமாக இருந்தது. அந்த அமைதியின் விலையைக் கடைசியில் கொடுத்தவர்கள் சாதாரண மக்கள்.

பொய்ச் செய்தி பற்றி: உண்மை. ஆனால் அதைத் தடுக்கும் சட்டத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்று பாருங்கள். ரஷ்யாவில் 2022 மார்ச் 4 அன்று, படையைப் பற்றிப் "பொய்" பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்று சட்டம் வந்தது. மாஸ்கோவின் ஒரு வட்டார மன்ற உறுப்பினரான அலெக்சேய் கோரினோவ், அந்தக் கோடையிலேயே ஏழாண்டுத் தண்டனை பெற்றார். குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி நடத்தலாமா என்று மன்றத்தில் விவாதித்தபோது, உக்ரைனில் குழந்தைகள் இறந்துகொண்டிருக்கையில் அது முறையா என்று கேட்டதும், நடப்பதைப் போர் என்று குறிப்பிட்டதும்தான் அவர் செய்தவை. இறந்தவரின் பெயரைக் குடும்பத்துக்கு முன்னால் வெளியிடாதே என்ற ஒழுக்கத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அதற்கு இப்படியொரு சட்டம் தேவையில்லை.

உம்கேனிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டேபிள் மலையடி அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். இனி என் தமக்கை மகனின் பக்கத்துக்கு வருவோமா? வழக்குரைஞர் ஐயா பிறகு எழுதுவதாகச் சொன்னது நிலுவையில் இருக்கிறது.

ஜோபர்க் வழக்குரைஞர் எழுதியது:

எழுதுகிறேன், அம்மா.

பழைய பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பிரிவு, படைவீரர் எந்தப் பொது எதிர்ப்பிலும் பங்கேற்கக் கூடாது, தொழிற்சங்கத்தில் சேரவும் கூடாது என்று சொல்லியிருந்தது. படைவீரர்களின் சங்கம் தொடுத்த வழக்கில், 1999 மே மாதம், அரசமைப்பு நீதிமன்றம் இரண்டு தடைகளையும் நீக்கியது. நீதிபதி கேட் ஓரீகன் எழுதிய அந்தத் தீர்ப்பின் அடிப்படை, படையில் சேர்பவர் குடியுரிமையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போவதில்லை என்பதே. படை ஒழுங்குடனும் கட்சிச் சார்பின்றியும் இருக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் முழுமையாக ஏற்றது. ஆனால் அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைக் கடந்து, எல்லாக் குரலையும் ஒரே வலையில் அள்ளும் தடை செல்லாது என்றது. இப்போதுள்ள 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, அரசமைப்புக்கு உட்பட்டு, வீரரின் சில உரிமைகளைக் கட்டுப்படுத்த இடந்தருகிறது. கருத்துரிமையும் அதில் அடங்கும்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இதே பாதையில் தடவித் தடவி நடந்திருக்கிறது. 1976இல் எங்கெல் வழக்கில், கருத்துரிமை படைமுகாமின் வாயிலோடு நின்றுவிடுவதில்லை என்று கொள்கையளவில் சொல்லிவிட்டு, இதழ் நடத்திய டச்சு வீரர்களுக்கு எதிராகவே முடித்தது. 1994இல், வீரர்களின் நலக்குறைகளை எழுதிய ஓர் இதழை முகாமுக்குள் விநியோகிக்க மறுத்த ஆஸ்திரிய அரசின் செயல் தவறு என்றது. 1997இல், தன் தலைமை அதிகாரிக்கு மிகக் கடுமையான சொற்களில் படையைத் தாக்கிக் கடிதம் எழுதிய கிரேக்க வீரருக்கு விதித்த சிறைத்தண்டனையைக்கூட, 12க்கு 8 என்ற வாக்குக் கணக்கில், உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கடிதம் பொதுவெளிக்கு வரவில்லை, படையின் ஒழுங்கில் அதனால் பாதிப்பு எதுவும் இல்லை என்பதை நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள்.

ஆகவே நான் கோடு போடும் இடம் இது. இருப்பிடம், நகர்வு, ஆயுத இருப்பு, திட்டம், சக வீரரின் அடையாளம்: இவற்றில் உங்கள் பிள்ளை முழுமையாக வாய்மூடியிருக்கக் கடமைப்பட்டவன், போர் முடிந்தும்கூட. சீருடையில் கட்சி மேடை ஏறக் கூடாது, 199ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் ஊதியம், உணவு, மருத்துவம், தரமற்ற கருவி, மேலதிகாரியின் கொடுமை ஆகியவற்றைப் பற்றி அவன் பேசுவதற்கு வழி இருந்தே ஆக வேண்டும். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த படைத்துறைக் குறைதீர்ப்பாளரிடம் பணி நிலைமைகள் பற்றி வீரரும், படையினரின் நடத்தை பற்றிப் பொதுமக்களும் முறையிடலாம். சங்கம் இருக்கிறது. சட்டவிரோதக் கட்டளையைப் பொறுத்தவரை அவனுக்கு இருப்பது உரிமைகூட அன்று, கடமை: வெளிப்படையாகச் சட்டவிரோதமான கட்டளைக்கு எந்த வீரரும் கீழ்ப்படியக் கூடாது என்று அதே 199ஆம் பிரிவு விதிக்கிறது. கீழ்ப்படிய மறுக்க வேண்டும் என்று சொல்லும் அரசமைப்பு, அந்த மறுப்பின் காரணத்தைச் சொல்லக் கூடாது என்று கருதியிருக்க முடியாது.

பழைய மாலுமி எழுதியது:

தம்பி போட்ட கோட்டில் பெரும்பகுதியை என்னால் ஏற்க முடிகிறது. ஒரே ஒரு இடத்தில் தடுக்கிறது. 2009 ஆகஸ்டில் ஊதியக் கோரிக்கையுடன் வீரர்கள் பிரிட்டோரியாவில் யூனியன் கட்டடத்தை நோக்கி நடந்ததையும், வேலியைத் தாண்டியதையும், காவல்துறை ரப்பர் குண்டு சுட்டதையும் தொலைக்காட்சியில் பார்த்து அன்று நான் உறங்கவில்லை. ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள் அரசின் தலைவாசலில் கூட்டமாகத் திரள்வது, ஆசிரியர்களோ செவிலியரோ திரள்வதைப் போன்றதன்று. அண்டை நாடுகளில் ஆட்சிக் கவிழ்ப்புகள் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. எழுதட்டும், முறையிடட்டும், நீதிமன்றம் போகட்டும். தெருவில் கூட்டமாக இறங்குவது மட்டும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுப்பாடு என்றால் அது மேலே இருப்பவரையும் கட்ட வேண்டும். 2025 ஆகஸ்டில் நம் படைத் தலைமைத் தளபதி டெஹ்ரானுக்குச் சென்று பேசியதாக வந்த அரசியல் கருத்துகள் நாட்டின் வெளியுறவையே சங்கடத்தில் ஆழ்த்தின. அதிபர் மாளிகையும் அந்தப் பயணம் அந்நேரத்தில் உகந்ததன்று என்று சொல்ல நேர்ந்தது. காலணி சரியில்லை என்று எழுதும் சிப்பாயின் பேச்சால் நாட்டுக்கு வரும் கேடு பெரிதா, தளபதியின் பேச்சால் வருவது பெரிதா? பதவி ஏற ஏற வாய் சிறுக்க வேண்டும் என்பதே நான் பழகிய ஒழுக்கம்.

ஜோபர்க் வழக்குரைஞர் எழுதியது:

ஐயா, கடைசியில் சொன்னதோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். 2009 பேரணியைப் பற்றி ஒரு சொல்: அதற்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்ய அரசு முனைந்தது. 2012இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்க முறை சட்டத்துக்கு உட்பட்டதன்று என்றது. வேலி தாண்டியவரைத் தண்டிக்கலாம், ஆனால் அவரவர் செய்ததை அவரவரிடம் கேட்டு விசாரிக்காமல் மொத்தமாகத் தண்டிக்க முடியாது. கூட்டமாக இறங்கும் நிலை ஏன் வந்தது என்று பார்த்தால், முறையிடும் வழிகள் அன்று அடைபட்டிருந்ததும் ஒரு காரணம். குறைதீர்ப்பாளர் பதவி அதற்குப் பிறகுதான் வந்தது.

டோங்காட் மாணவன் எழுதியது:

ஒரு சிறிய ஐயம். 16ஆம் பிரிவு "போருக்கான பரப்புரையை" வெளியே நிறுத்துகிறது என்றீர்கள். அப்படியானால் போரை எதிர்த்துப் பேசுவதைவிட, போர் வேண்டும் என்று பேசுவதற்குத்தான் பாதுகாப்புக் குறைவா?

ஜோபர்க் வழக்குரைஞர் எழுதியது:

ஆம், தம்பி, அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1998 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 20ஆம் பிரிவும் போர்ப் பரப்புரையைச் சட்டத்தால் தடைசெய்யச் சொல்கிறது. ஆக்கிரமிப்புப் போருக்கு மக்களைத் தூண்டுவதையே அது குறிக்கிறது, தற்காப்புக்காகப் படை திரட்டுமாறு பேசுவதை அன்று. 16ஆம் பிரிவு மட்டும் அந்தப் பேச்சைக் குற்றமாக்கிவிடவில்லை. அதைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால் கருத்துரிமையைக் காட்டி எதிர்க்க முடியாது என்பது வரைதான் அதன் பொருள். அமைச்சர் பேசினாலும் தளபதி பேசினாலும் முகநூலில் நீங்களோ நானோ பேசினாலும் அளவுகோல் ஒன்றே. போர் வேண்டாம் என்று எழுதுபவருக்கு அந்த விலக்கு எந்த வகையிலும் பொருந்தாது.